இதயம் ஒத்துழைக்கவில்லை

தினேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். குழந்தை பிறந்ததும் அழுதது, பால் குடித்தது, தூக்கிக் கொஞ்சிய தகப்பன் சுகுமாரனின் சட்டையை நனைத்தது. பிறந்த குழந்தை செய்ய வேண்டிய காரியங்களை எல்லாம் அது முதல் நாளிலேயே முடித்துவிட்டதாகப் பெற்றவர்கள் நினைத்தார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று சுகுமாரன் தன் லோரியை மருத்துவமனைக்குப் பின்புறம் கொண்டுவந்து நிறுத்தியும் வைத்திருந்தான். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி. பிள்ளை உட்காரப்போகிறதே என்று முன் இருக்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தான்.

ஆனால் ஈப்போவின் அந்த மருத்துவமனையில் மூன்றாவது மாடி என்று ஒன்று இருந்தது. அங்கே ‘சிசு இதயவொலி நடுவம்’ திறக்கப்படவிருந்தது. திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை, நடுவம் மட்டும் முழு மூச்சாக இயங்கிக்கொண்டிருந்தது. விழா நாளில் காட்டுவதற்குச் சாதனைகள் வேண்டுமல்லவா?

நடுவத்தின் வேலை எளிமையானது. பிறந்த குழந்தையின் நெஞ்சில் இரண்டு வில்லைகளை ஒட்டி, ஓர் ஒலியைக் கேட்கச் செய்வார்கள். ஒலி கேட்டதும் இதயத் துடிப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். மாறினால் குழந்தைக்குக் காது கேட்கிறது என்று பொருள். நல்ல யோசனைதான். யாரோ ஒரு நல்ல மனிதர் எங்கோ யோசித்திருக்க வேண்டும். பிறகு அது ஒரு நடுவமாகிவிட்டது.

“ஒரே ஒரு டெஸ்ட்தான்மா. செகஜாப், ஒரு நிமிஷ வேல. பாப்பாவக் கொண்டுபோயிட்டு உடனே கொண்டாந்துருவேன்” என்றாள் மிஸ்ஸி எல்ஸி. பிரசவ அறையில் தினேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே மூத்த தாதி.

“வலிக்குமா மிஸ்ஸி?”

“மணிச் சத்தம் கேக்கப் போவுது. அதுல என்னா வலி?”

தையல் இழுக்க இழுக்க தினேஸ்வரியும் பின்னாலேயே நடந்து போனாள். அறை வாசலில் அவளை நிறுத்திவிட்டார்கள். ‘தாய்மார்கள் நுழையக் கூடாது. தாயின் இதயம் கருவியைக் குழப்பும்’ என்று மும்மொழிகளில் எழுதியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கருவியை இயக்கும் ஜெரமி என்ற இளைஞன் குழந்தையை மேசையில் கிடத்தி, வில்லைகளை ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தினான். மணி ஒலித்திருக்க வேண்டும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினான். குழந்தை வாயை ஒருமுறை சப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது.

“எதிர்வினை இல்லன்னு வருது அக்கா” என்றான் வெளியே வந்த ஜெரமி, தரையைப் பார்த்துக்கொண்டு. “தூங்குதுல்ல, அதனாலயா இருக்கும். முழிச்சிருக்கறப்ப கொண்டாங்க.”

முழித்ததும் கொண்டுபோனார்கள். முழித்த குழந்தை பசியில் அழுதது. அழுகிற குழந்தையின் இதயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அதை அளக்க முடியாதாம். பால் கொடுத்து அமர்த்தினாள். குடிக்கிற குழந்தையையும் அளக்க முடியாது. குடித்து முடித்ததும் அது தூங்கிவிட்டது. நடுவத்தின் விதிப்படி குழந்தை விழித்திருக்க வேண்டும், அழக் கூடாது, பசித்திருக்கக் கூடாது, வயிறு நிறைந்திருக்கவும் கூடாது. அப்படியொரு நிலையில் எந்தக் குழந்தையும் ஒரு கொட்டாவி நேரத்துக்கு மேல் இருந்ததாக அந்த வார்டில் யாரும் கண்டதில்லை. பக்கத்துக் கட்டில் சீனப் பெண்ணின் மகன் மட்டும் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். மணி அடித்த நேரம் பார்த்து அவனுக்கு விக்கல் வந்திருந்தது.

“வா தினேஸ், கையெழுத்துப் போட்டுட்டுப் போலாம்” என்றான் சுகுமாரன். “நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் இல்லலா. இவனுங்க மணி கெட்டுப்போயிருக்கும்.”

அவள் அசையவில்லை. அசையாததற்குக் காரணம் அவள் தம்பி விக்னேஸ்வரன். இப்போது பாதி செம்பனையும் பாதி வீடமைப்புத் திட்டமுமாகிவிட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர்கள் பிறந்தார்கள். விக்கிக்குக் காது கேட்காது என்பது அவன் பள்ளிக்குப் போகிற வயதுவரை யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் என்றார் அப்பா. பாலர் பள்ளி ஆசிரியை, கேட்காத அந்தக் காதையே திருகினாள். அடி விழும்போது அவன் அழ மாட்டான், எதற்கு என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். தம்பி இன்று தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறான் என்பது வேறு விஷயம். அப்போது யாராவது ஒருவர் அவனுக்கு ஒரு மணியை அடித்துப் பார்த்திருக்கலாம்.

“தெரியாம நான் வர மாட்டேங்க” என்றாள். “கேக்குதா கேக்கலையான்னு தெரியணும்.”

அதோடு அவளுடைய நிம்மதி போயிற்று. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. குழந்தையின் தலைமாட்டில் நின்று கைதட்டினாள். சாவிக்கொத்தை ஆட்டினாள். தேநீர்க் கரண்டியைத் தரையில் போட்டாள். குழந்தை கண் சிமிட்டினால், காற்றுப் பட்டிருக்கும் என்று தோன்றியது. சிமிட்டாவிட்டால் இன்னும் பலமாகத் தட்டினாள். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்து மறுபடி கைதட்டினாள். மற்ற குழந்தைகள் எழுந்து அழுதன. அவற்றின் தாய்மார்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு எல்ஸியிடம் புகார் சொன்னார்கள்.

நடுவத்தின் இயக்குநர் டாக்டர் கனகராஜ் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் அவர் கைகுலுக்குகிற படம் சுவரில் பெரிதாக இருந்தது. யாருடைய கையை என்பது படச் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

“பயப்படாதீங்கம்மா. உங்க குழந்தையோட இதயம் ஒத்துழைக்கல. அவ்வளவுதான்.”

“காது கேக்கலையா டாக்டர்?”

“நாங்க காதப் பாக்கறதில்லம்மா. இங்க இதயம் மட்டுந்தான். காது கீழ் மாடி.”

“அப்ப கீழ பாத்துரலாமா?”

“கீழ இருந்த காது மெஷின நாங்க மேல கொண்டாந்துட்டோம். கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம், கண்காட்சிக்கு. ‘பழைய முறை’ன்னு போர்டு போட்டிருக்கு பாருங்க. அத வெளிய எடுத்தா பெட்டி காலியாயிரும்.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நீங்க நம்பிக்கையா இருக்கணும். இந்த நடுவத்துல இதுவரைக்கும் ஒரு குழந்தகூடத் தோத்தது இல்ல. ஏன் சொல்லுங்க? பாஸாகாத குழந்தைய நாங்க வெளிய விடறதே இல்ல!”

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

பாஸாகாத குழந்தைகள் சேர்ந்துகொண்டே போயின. கட்டில் போதவில்லை. குற்றம் குழந்தைகளுடையது அல்ல, மணியுடையது என்று இயக்குநர் கண்டுபிடித்தார். மணி வெளிநாட்டு மணி. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு அது பழக்கமில்லை. பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைகளுக்கு வேறெந்த மணி பழக்கம் என்று யாரும் கேட்கவில்லை. ‘ஒலித் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டது. நாதஸ்வரம் வைக்கலாம் என்றார் ஒருவர். கோயில் ஒலியை வைத்தால் தேவாலய மணியையும் வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். கொம்பாங் மேளம், சிங்க நடன முரசு, எல்லாம் வந்து போயின. யாருடைய ஒலி முதலில் என்பதில் குழு இரண்டு முறை தேநீருக்குக் கலைந்தது. மழைச் சத்தம் என்று ஒருவர் சொன்னார். ஈப்போவில் சாயங்காலமானால் வெளியேயும் மழை பெய்யும், எது நடுவத்தின் மழை என்று குழந்தைக்குக் குழப்பம் வரும் என்று அதையும் தள்ளினார்கள். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத, யார் மனத்தையும் அசைக்காத ஒலி ஒன்று ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது இயக்குநரின் வரவேற்புரை.

“அன்பார்ந்த சிசுக்களே! இந்நாட்டின் நாளைய மனித வளமே! நீங்கள் பிறந்தமைக்கு நடுவத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்” என்று அது தொடங்கியது. தொடங்கியதும் குழந்தைகளின் இதயத் துடிப்பு ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தது. எல்லாம் தூங்கிவிட்டன. திரையில் சரிந்த கோட்டுக்கு ‘மரியாதை கலந்த கவனம்’ என்று பெயரிடப்பட்டது. வார்டு காலியாகத் தொடங்கியது.

தினேஸ்வரியின் மகள் மட்டும் ‘மனித வளமே’ என்ற இடத்தில் வீறிட்டு அழுதாள். திரையில் கோடு எகிறியது. கண்ணாடிக்கு வெளியே நின்ற தினேஸ்வரி எல்ஸியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கேக்குது மிஸ்ஸி! பாத்தீங்களா, கேக்குது!”

ஜெரமி வெளியே வந்தான். முகம் சரியில்லை.

“அக்கா, ‘எதிர்ப்பு’ன்னு வந்திருக்கு. மாறுனது சரிதான், மாற வேண்டிய பக்கம் மாறல.”

“பக்கம் கெடக்குது தம்பி. கேட்டுத்தான அழுவுது?”

அவன் தயங்கினான். “அதே நேரத்துல வில்லை கழண்டு போச்சு. நான் ஒட்டுனேன். ஏர்கோன்ல என் கை ஐஸ் மாதிரி இருந்திச்சு. கேட்டு அழுதிச்சா, கை பட்டு அழுதிச்சா... உண்மையாவே தெரியலக்கா.”

வந்த சந்தோஷம் வந்த வழியே போயிற்று.

எதிர்ப்புத் தெரிவித்த குழந்தையின் பெற்றோருக்கு வழிகாட்டல் வகுப்பு உண்டு. சுகுமாரன் அன்றைக்கு லோரியை ஓட்டாமல் வந்து உட்கார்ந்தான். குழந்தைக்கு மரியாதை பழகுவது கருவிலேயே தொடங்க வேண்டும் என்று ஓர் அதிகாரி விளக்கினார். தவறவிட்டவர்களுக்காக இயக்குநரின் உரை பதிந்த சிறிய பெட்டி ஒன்று கொடுக்கப்பட்டது. பால் கொடுக்கும்போதெல்லாம் ஓடவிட வேண்டும்.

“பேர் வைக்கறதுக்கு முந்தியே இவரு குரல் பழகணுமாக்கும்?” என்றான் சுகுமாரன் வெளியே வந்து. “தோட்டத்துல வேல வாங்குற மண்டோருகூட இப்படி வீடு வரைக்கும் வந்து பேச மாட்டாருலா.”

புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கும் முன்னெச்சரிக்கையாக அந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள். வார்டு முழுக்க இயக்குநர் பேசினார். துப்புரவுப் பெண்கள் அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, தொடங்குகிற இடத்தில் தொடங்கித் தரை துடைத்தார்கள். விளைவு வேறுவிதமாக இருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குழந்தைகளின் இதயம் சோதனை மேசையில் அந்த உரைக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரையில் நேர்கோடு போட்டதுபோல் போயிற்று. திறப்பு விழாவோ நெருங்கிவிட்டது.

இயக்குநர் ஜெரமியைக் கூப்பிட்டார்.

“உரை ஆரம்பிக்கறப்ப மேசைய லேசா ஒரு தட்டுத் தட்டு.”

“தட்டுனா எந்தப் பிள்ளைக்கும் துடிப்பு ஏறுமே டாக்டர். அது கேட்டு வரதில்லையே.”

“தட்டறதுன்னு சொல்லாத. ‘இணைத்தூண்டல்’னு சொல்லு. இனிமே கோடு ஏறுனாலும் பாஸ்தான்.”

அன்று மாலைக்குள் வார்டில் எல்லாக் குழந்தைகளும் தேறிவிட்டன. தினேஸ்வரியின் மகளும் தேறினாள். சுகுமாரன் துணிமணிகளைப் பையில் திணித்தான். தினேஸ்வரி நேராக ஜெரமியிடம் போனாள். அவன் சோதனை அறை வாசலில் நின்று ஆறிப்போன ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“சத்தம் கேட்டு மாறுச்சா தம்பி?”

அவன் மென்றுகொண்டிருந்ததை விழுங்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான். “மேசையத் தட்டுனேன்க்கா” என்றான்.

அவள் இயக்குநரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள்.

“இந்த பாஸ் எனக்கு வேணாம் டாக்டர்.”

கனகராஜ் நிமிர்ந்து பார்த்தார். “வேணாமா? எல்லா அம்மாவும் நன்றி சொல்லிட்டுப் போறாங்க.”

“பிள்ளைக்குக் கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“இங்க யாரும் அப்படிக் கேட்டது இல்லம்மா” என்றார் அவர், உண்மையான வியப்போடு. பிறகு முகம் மலர்ந்தது. எதிர்ப்பிலிருந்து ஒத்துழைப்புக்கு மாறிய ஒரே குழந்தை அல்லவா இது! விழா மேடையில் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான குழந்தை ஏது? “நீங்க நாளைக்கு இருங்க. எல்லார் முன்னாலயும் நிரூபிச்சிரலாம்.”

விழா மண்டபத்தில் குளிரூட்டியும் பூங்கொத்தும் நிறைந்திருந்தன. மேடையில் கண்ணாடித் தொட்டில்கள் வரிசையாக நீண்ட மேசைமேல் இருந்தன. மேசைக்குத் தரைவரை துணி தொங்கியது. ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சிலிருந்தும் கம்பிகள் போய், பின்னாலிருந்த பெரிய திரையில் கோடுகளாக ஓடின. தாய்மார்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தினேஸ்வரி உட்காரவில்லை. சுவரோரம் நின்று காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். அவள் கண் திரையில் மகளின் பச்சைக் கோட்டிலேயே இருந்தது.

இயக்குநர் பேசத் தொடங்கினார். “ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் சிசுக்களின் இதயத்தில் அளக்க வேண்டும். அந்த இதயம் எதைக் கேட்டு அசைய வேண்டும், எதைக் கேட்டு அசையக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் குழந்தைகளிடமே விட்டுவிட முடியாது...” கோடுகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. முன்வரிசையில் சிறப்பு விருந்தினரின் தலையும் தாழ்ந்தது. “இதோ, எங்கள் வரவேற்புரையின் ஆற்றலைப் பாருங்கள்!” என்று இயக்குநர் கையை உயர்த்தினார். அது சைகை. மேசைத் துணியின் கீழே ஜெரமியின் காலணி நுனி நகர்வதைத் தினேஸ்வரி பார்த்துவிட்டாள்.

“ஜெரமி! மேசையத் தொடாத!”

மண்டபம் திரும்பியது. துணியை விலக்கிக்கொண்டு ஜெரமி வெளியே வந்தான், பிடிபட்ட திருடனைப்போல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. மேசையை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் மற்றக் கோடுகள் தாழ்ந்தே ஓட, அந்தப் பச்சைக் கோடு மட்டும் ஒருமுறை துள்ளியிருந்தது.

தினேஸ்வரி காத்திருந்தாள். கோடு மெல்லப் பழையபடி அடங்கியது. இந்த முறை மெதுவாகக் கூப்பிட்டாள்.

“பாப்பா... அம்மாடி...”

கோடு மறுபடியும் எழுந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்ற நினைவே இல்லை.

“பாருங்கள்!” என்று இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது. “நடுவத்தின் சேவையால் நெகிழ்ந்து ஒரு தாய் கண்ணீர் விடுகிறார்!” மண்டபம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் தொட்டில்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அதிர்ந்து அழுதன. எல்லாக் கோடுகளும் எகிறின. “முழு வெற்றி!” என்றார் அவர்.

தினேஸ்வரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறினாள். ஓர் அதிகாரி குறுக்கே வந்தார், அவள் முகத்தைப் பார்த்து விலகிக்கொண்டார். குழந்தையை அள்ளியெடுத்தாள். கம்பிகள் பிடுங்கிக்கொண்டன. திரையில் பச்சைக் கோடு சட்டென்று நேராகிப் படுத்தது. தூக்கம் கலைந்த சிறப்பு விருந்தினர் பதறி எழுந்து நின்றார்.

“பதற வேண்டாம்” என்றார் கனகராஜ் புன்னகையோடு. “குழந்தை பரிபூரண அமைதியில் இருக்கிறது.”

அவளும் சுகுமாரனும் படியிறங்கும்போது எல்ஸி மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தாள். குழந்தையின் நெஞ்சில் ஒட்டியிருந்த வில்லைகளை வலிக்காமல் உரித்தெடுத்தாள். “திரையப் பாத்தது பத்தாதும்மா. நீ ராத்திரிக்கு மறுபடி யோசிப்ப. உங்க ஊரு கிளினிக்ல காது மெஷின் இருக்கு, அதப் போயி செஞ்சுரு” என்றாள். “இத நான் சொன்னதா சொல்லாத.”

மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போனார்கள். ஓர் இளம்பெண் குழந்தையின் காதில் சிறு குமிழ் ஒன்றைச் செருகினாள். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. தூங்கினால் இன்னும் நல்லது என்றாள் அவள். கையிலிருந்த கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த காதிலும் எரிந்தது.

“ரெண்டும் நல்லா இருக்குக்கா. போலாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அடுத்த ஆளு காத்திருக்காங்க.”

வெளியே வந்து லோரியில் ஏறினார்கள். சுகுமாரன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான். ஹுத்தான் மெலிந்தாங் திருப்பத்தில் எதிரே வந்த மீன் லோரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு உரசினாற்போலக் கடந்து போனது. சுகுமாரன் திடுக்கிட்டு வண்டியை ஒதுக்கி நிறுத்தினான். மடியில் குழந்தை அசையவில்லை. அவன் முகம் வெளுத்தது.

“தினேஸ், இவ்வளவு சத்தம்... திரும்பிக்கூடப் பாக்கலையே.”

தினேஸ்வரி மகளின் உதட்டோரம் வழிந்திருந்த பாலை விரலால் துடைத்தாள்.

“தூங்குற பிள்ளை எதுக்குங்க திரும்பணும்?” என்றாள். “நீங்க வண்டிய எடுங்க.”